போக்கர் குழுமத் தளம் ஒன்றில் பதினேழு ஆண்டுகள்

போக்கர் ஆட்டக்காரர்களே சேர்ந்து தொடங்கிய ஒரு இணையதளத்தில் 2008-இல் உறுப்பினரானேன்; என் கணக்கு இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனெனில் அதற்கு நேர்ந்தது அதன் வகையைச் சேர்ந்த பல தளங்களுக்கும் நேர்ந்ததுதான்.

அன்று இத்தகைய தளங்களுக்கு இருந்த மதிப்பு சும்மா வந்ததன்று. 2007-இல் அப்சல்யூட் போக்கர் என்ற, பணம் கட்டி இணையத்தில் போக்கர் ஆடும் ‘அறை’யில் நடந்த ஒரு போட்டியில், எதிராளிகளின் மூடிய சீட்டுகள் கண்ணுக்குத் தெரிவதைப்போல ஒருவர் ஆடி வென்றார். தோற்றவர் ஆட்டப் பதிவைக் கேட்டபோது, அனைவரின் சீட்டுகளும் அடங்கிய கோப்பை நிறுவனமே கைதவறி அனுப்பிவிட்டது. டூ பிளஸ் டூ என்ற போக்கர் விவாதத் தளத்தில் கூடிய ஆட்டக்காரர்கள் அதை வரிவரியாக அலசி, சீட்டுகளைப் பார்க்கும் வசதி கொண்ட ஒரு கணக்கு உள்ளேயே இயங்கியதைக் கண்டுபிடித்தார்கள். அந்த வேலைக்கு எவரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

எங்கள் தளமும் தொடக்கத்தில் அந்த மனநிலையிலேயே நடந்தது. சர்வர் செலவுக்கு உறுப்பினர்கள் நன்கொடை தந்தார்கள். பின்னர் நிர்வாகிகள் போக்கர் அறைகளின் அஃபிலியேட், அதாவது ஆள் சேர்த்துவிட்டுத் தரகு பெறுபவர்கள், ஆனார்கள். இதில் இரண்டு வகை உண்டு: புதிய ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் ஒரே முறை கிடைக்கும் தொகை ஒன்று, அவர் ஆடும் காலமெல்லாம் அவரால் அறைக்கு வரும் வருமானத்தில் கிடைக்கும் பங்கு மற்றொன்று. ஒரு கை ஆட்டத்தில் பந்தயப் பணமாக 40 டாலர் சேர்ந்து, அறை எடுக்கும் கழிவான ரேக் ஐந்து விழுக்காடு என்றால் அறைக்கு 2 டாலர் போகிறது. அதிலிருந்துதான் தளத்தின் பங்கும் வருகிறது. ஃபுல் டில்ட் என்ற அறையில், ஆட்டக்காரருக்கு அவர் கட்டிய ரேக்கில் 27 விழுக்காடு ரேக்பேக்காகத் திரும்பக் கிடைத்த காலத்தில் நானும் மகிழ்ச்சியோடு அத்தகைய இணைப்பு வழியாகத்தான் சேர்ந்தேன். ஆகவே முழுப் பழியையும் நிர்வாகிகள்மீது போட்டுவிட எனக்கு உரிமையில்லை.

2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய அறைகளின்மீது வழக்குத் தொடுத்தது. ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது ஏறத்தாழ 39 கோடி டாலர் என்றும், வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர்தான் என்றும் அரசுத் தரப்பு பின்னர் கூறியது. அந்த அறையை முதலிடத்தில் வைத்துப் பரிந்துரைத்த பட்டியல் எங்கள் தளத்தின் முகப்பிலிருந்து ஓரிரவில் மறைந்தது. தவறாகப் பரிந்துரைத்துவிட்டோம் என்று ஒரு வரிகூட வரவில்லை. முதன்முறையாக எனக்கு உறுத்தியது அப்போதுதான்.

சில ஆண்டுகளில் தளம் கைமாறியது. வேறொரு அறை எனக்குத் தர வேண்டிய பணத்தை ஆறு வாரம் இழுத்தடித்ததைத் தேதிவாரியாக எழுதினேன். மறுநாள் அந்தப் பதிவு, உள்நுழைந்தவர்களுக்கு மட்டும் தெரியும் ‘பொது அரட்டை’ப் பகுதிக்கு நகர்த்தப்பட்டிருந்தது. அதே அறையைப் பற்றிய மதிப்புரையில் ‘பணம் விரைவாகக் கிடைக்கும்’ என்ற வரி அப்படியே நின்றது. கீழே பச்சை நிறத்தில் ‘இப்போதே சேருங்கள்’ என்ற பொத்தான். அதன் முகவரியின் வாலில் தளத்தின் அஃபிலியேட் குறியெண் தொங்கிக்கொண்டிருந்தது. மதிப்புரையை எழுதியவர் யார் என்பதற்கு அதைவிடத் தெளிவான கையொப்பம் வேண்டியதில்லை.

ஆட்டத்தைப் பற்றிய பேச்சும் மெலிந்துவிட்டது. முன்பெல்லாம் கையில் ஏஸ்-கிங்கை வைத்துக்கொண்டு, ரிவர் எனும் கடைசிப் பொதுச்சீட்டு விழுந்தபின் எதிராளியின் பந்தயத்துக்கு ஈடு கட்டலாமா, சீட்டை விட்டுவிடலாமா என்று கேட்டால், என்னைவிடப் பல மடங்கு திறமையானவர்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போடுவார்கள். இன்று அவர்களில் சிலர் சந்தா கட்டினால் பார்க்கக்கூடிய பயிற்சிக் காணொளிகளை நடத்துகிறார்கள். கேள்விக்கு வரும் விடை அந்தக் காணொளியின் இணைப்பு. உழைப்புக்கு விலை கேட்பதில் குற்றமில்லை. ஆனால் எதிர்த்து வாதிடுபவர் இல்லாத பாடத்தில், சொல்பவரின் பிழையைத் திருத்த ஆளில்லை.

வணிகத்தால் நன்மையே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். தளம் இப்போது முடங்குவதில்லை. ஆட்டப் பதிவை ஒட்டினால் சீட்டுகளோடு படமாக ஓட்டிக் காட்டும் கருவி மிக நன்றாக வேலை செய்கிறது. குப்பைப் பதிவுகளும் குறைந்திருக்கின்றன.

பயிற்சிக் காணொளிகளுக்கான சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை. ஆட்டப் பதிவை ஓட்டிக் காட்டும் அந்தக் கருவிக்காகவும், 2008 முதல் 2011 வரையிலான பழைய விவாதங்களுக்காகவும் மட்டும் உள்நுழைகிறேன். தேடலில் இப்போது அவை பரிந்துரைப் பட்டியல்களுக்குக் கீழே, நான்காம் பக்கத்தில் வருகின்றன.