அடியில படி வேணுமா வேண்டாமா: ஸ்டெப் ஹல்லும் ஸ்ட்ரைட் ஹல்லும்

நம்ம கடியபட்டணம் மச்சான் ஒருத்தன் சார்ஜால ஒரு அர்பாப் (அரபி மொதலாளி) போட்டுக்கு கேப்டனா நிக்கான், அர்பாப் இப்ப 34 அடில புதுசா ஸ்பீட் போட் எடுக்கப் போறாராம், அடில படி வச்ச ஸ்டெப் ஹல்லா படி இல்லாத ஸ்ட்ரைட் ஹல்லா (ஹல்லுன்னா போட்டோட அடிக்கூடு) நீயே சொல்லுன்னு இவன் தலைல கட்டிட்டாரு, இவன் நம்ம நேரம் ராத்திரி பன்னெண்டரைக்கு போன் அடிச்சு என்கிட்ட கேக்கான். நானும் அங்க போட் ஒர்க்‌ஷாப்ல வருசக்கணக்கா கெடந்தவன்லா, ஒறக்கம் போனா போகுதுன்னு பேசிட்டேன்.

ஸ்டெப் ஹல்லை கவுத்துப் பாத்தா அடில குறுக்கால படி வெட்டுன மாதிரி ஒண்ணோ ரெண்டோ இருக்கும், படி முடியுற எடத்துல ரெண்டு சைடும் காத்து போக வாய் தொறந்துருக்கும். வேகம் பிடிச்சு போட் எழும்புனதும் படி விளிம்புல தண்ணி விட்டுப் பிரியும், அங்க ஒரு உறிஞ்சல் உண்டாகி அந்த வாய் வழியா காத்து உள்ள வரும், அப்போ அடி முழுசும் தண்ணில ஒட்டாம ரெண்டு மூணு எடத்துல மட்டும் தொட்டு ஓடும். உரசல் கொறையும், அவ்ளோதான் சூட்சுமம். கடல் விமானத்தோட மிதவைல படி இருக்கதும் தண்ணி பிடியை விடத்தான். இது புதுசும் கெடையாது, 1872லயே ராமுஸ்னு ஒரு இங்கிலாந்து பாதிரியார் இந்த யோசனைய அவங்க கடற்படைகிட்ட கொண்டு போயிருக்காரு. (நம்மூர்ல பாதிரியார் புது வள்ளத்தை மந்திரிக்கதோட சரி.)

ஸ்ட்ரைட் ஹல்லுன்னா வெட்டே இல்லாம அணியத்துல (முன்பக்கம்) இருந்து பின்னால வரைக்கும் ஒரே வி எழுத்து வடிவம். அமெரிக்க போட் டிசைனர் ரே ஹன்ட் வரைஞ்ச டீப் வி, அதாவது ஆழமான வி, தான் இதுக்கு மூத்தது, 1960ல அமெரிக்கா மியாமில இருந்து பஹாமாஸ் நாசாவுக்கு ஓடுன ரேஸ்ல மோப்பின்னு ஒரு போட் மோசமான கடல்ல ஜெயிச்ச பெறகுதான் எல்லாவனும் அந்தப் பக்கம் திரும்புனான். அமெரிக்க போட் கம்பெனிகள்ல பாத்தா, இன்னைக்கும் ரெகுலேட்டர் பின்பக்கம் வி சாய்வு 24 டிகிரி வச்சு படி இல்லாமத்தான் செய்யுது. யெல்லோஃபின் படி வச்சு செய்யுது. சீவீ ரெண்டும் செய்யுது, எது வேணும்னு வாங்குறவன்தான் சொல்லணும்.

வேகத்துல ஸ்டெப்புதான் மேல, அதுல சண்டையே இல்ல. அதே எஞ்சின்ல சில நாட் (கடல்ல வேகத்துக்கு சொல்ற கணக்கு) கூடும், ஒரே வேகத்துல ஓட்டுனா எண்ணெயும் கொறையும். ஆனா சுமாரா 25, 30 நாட்டுக்கு மேல போனாத்தான் இந்த லாபம், மீனுக்கு தூண்டி இழுத்துட்டு மெதுவா போறவனுக்கு அந்தப் படி தண்ணிய இழுக்கத்தான் செய்யும்.

திருப்பத்துலதான் விசயமே இருக்கு. வேகமா வீல ஒடிச்சா போட் உள்பக்கமா சாயும், அந்தப் பக்கத்து காத்து வாய் தண்ணிக்குள்ள போயிட்டா உறிஞ்சல் மாறிரும், பின்பக்கம் ஏற்கனவே காத்து மேல ஓடிட்டு இருக்கதால தண்ணிப் பிடி கம்மி. அந்த நேரம் பயந்து போயி எஞ்சின் வேகத்த கூட்டிக் கொறைக்குற த்ராட்டிலை பட்டுனு கொறச்சா அணியம் கீழ குத்தும், பின்பக்கம் விட்டு வீசி சுத்திரும். ஒரு ட்ரையல்ல நான் பின்னால நின்னுட்டு இருக்கும்போது ஓட்டுனவன் இதையேதான் செஞ்சான், கம்பியப் பிடிச்சிருந்ததால நான் கடல்ல விழல, டூல் பெட்டி விழுந்துட்டு. திரும்புறதுக்கு முன்னாலயே வேகத்த கொறைக்கணும், ட்ரிம்ம, அதாவது எஞ்சின் சாய்வ, ரொம்ப உள்ள போடப்பிடாது, திருப்பத்துல த்ராட்டில் சீரா இருக்கணும். இப்ப வர்ற டிசைன் எவ்வளவோ பரவால்ல. ஸ்ட்ரைட்லயும் வம்பு வரத்தான் செய்யும், ஆனா கை தப்பு பண்ணா கொஞ்சம் தாங்கிக்கும்.

கடல் கெட்டுப் போனாலும் ஸ்ட்ரைட்டுக்குத்தான் என் ஓட்டு. எதிர அல வந்தா அணியத்த தாழ்த்தி வெட்டிட்டுப் போலாம், பின்னால இருந்து வந்தா தூக்கிக்கலாம், ட்ரிம் சொன்னபடி கேக்கும். ஸ்டெப் ஹல் தனக்குன்னு ஒரு சாய்வுல ஓடும், ரொம்ப மாத்த விடாது, ஐஸ் பெட்டியோ ஆளோ எடம் மாறி கூடுனாலும் கொணம் மாறும்.

அப்புறம் சில்லறை வேல இருக்கு. ட்ரெய்லர் கட்டைல படி மாட்டாம பாக்கணும், க்ரேன் பெல்ட் படி மேல விழப்பிடாது, மீன் காட்டுற மெஷினோட சென்சார படிக்கு முன்னாலதான் வைக்கணும், பின்னால வச்சா காத்துக் குமிழிய மீன்னு காட்டும். பழைய போட்டுன்னா படி விளிம்புல விரிசல் இருக்கான்னு வெரல் வச்சு தடவிப் பாருங்க.

எங்க முட்டத்துப் பய ஒருத்தன் நம்ம ஃபைபர் வள்ளத்துக்கும் படி வச்சா என்னன்னு கேட்டான். வலையும் ஆளும் ஏத்தி 9.9 குதிரைசக்தி எஞ்சின்ல போற வள்ளம் எங்க அந்த வேகத்தத் தொடுது, தெனமும் மணல்ல இழுத்தா படி விளிம்பு ஒரு மாசத்துல பல்லுப் போன கெழவி மாதிரி ஆயிரும்னேன்.

மச்சானுக்கு என்ன சொன்னேன்னா, நீ மட்டும் ஓட்டுறதா இருந்தா, வடக்க ஓமன் நாட்டு முசந்தம் பக்கம் வரைக்கும் நீட்டா ஓட்டமும் இருந்தா, யோசிக்காம ஸ்டெப் எடு. வெள்ளிக்கெழம யாரு வீல பிடிப்பான்னு கேட்டேன். அர்பாப் மகனுவ ரெண்டு பேரு, கூட்டாளிகளையும் ஏத்திட்டுப் போவானுவன்னான். அப்போ ஸ்ட்ரைட்டே எடுங்கலேன்னேன்.

"பக்கத்து வீட்டுக்காரன் போட்ட முந்தணும்லா, அதுக்குத்தான வாங்குகாரு"ன்னான்.

கம்பெனி சொன்ன அளவுக்குள்ள பெரிய எஞ்சினா மாட்டச் சொல்லுலே, எண்ணெய்க் காசு ஒன் பாக்கெட்லருந்தா போகுதுன்னு போன வச்சிட்டேன்.