போல்ரூம் நடனத்துக்குச் சப்பாத்து: லண்டனிலிருந்து எடுப்பதா, கொழும்புப் புறக்கோட்டையில் அடித்தோல் மாற்றுவதா?

கொழும்பில் போல்ரூம் நடனம், அதாவது சோடியாக ஆடும் மேல்நாட்டு நடனம், பழகத் தொடங்குகிறவர்களுக்குச் சில மாதங்களிலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: இதற்கென்று தனியாகச் சப்பாத்து வேண்டுமா? வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்தச் சப்பாத்து என்பதில்தான் ஆளுக்கு ஆள் கருத்து மாறுகிறது. வகுப்பில் கேட்டால் ஒன்று சொல்வார்கள், லண்டனில் இருக்கும் சொந்தக்காரரைக் கேட்டால் இன்னொன்று சொல்வார்.

நான் வைத்து யோசித்த வழிகள் மூன்று. டான்ஸ் ஸ்னீக்கர் வாங்கலாம். பிரித்தானியாவில் செய்த போல்ரூம் சப்பாத்தை வரவழைக்கலாம். அல்லது இங்கே கிடைக்கும் நல்ல தோல் சப்பாத்து ஒன்றை வாங்கி, அதன் அடியைக் கழற்றி ஸ்வேட் தோல் (மேலே மெல்லிய இழை நிற்கும் தோல்) போடுவித்துக்கொள்ளலாம். நான் எடுத்தது மூன்றாவது வழி. இன்றும் அதில்தான் ஆடுகிறேன், ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். என் ஆட்டம் பெரும்பாலும் வோல்ட்ஸ், பொக்ஸ்ட்ரொட், குயிக்ஸ்டெப். லத்தீன் நடனங்களில் என் பழக்கம் குறைவு. வாசிக்கும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் அடி போட்ட சப்பாத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ரப்பர் தரையைப் பிடிக்கும். உடம்பு திரும்பும்போது பாதமும் கூடத் திரும்ப வேண்டும். அடி பிடித்துக்கொண்டால் அந்த முறுக்கல் முழங்காலுக்குத்தான் போகும். தோல் அடி போட்ட கலியாணச் சப்பாத்து இதற்கு நேர் எதிர். மாபிள், டைல்ஸ் தரையில் வழுக்கும். பறங்கியர் வீட்டுக் கலியாணத்தில் முதல் வோல்ட்ஸுக்கும் அப்புறம் வரும் பைலா ஆட்டத்துக்கும், டிசம்பர் 31 இரவு விருந்துக்கும் அது போதும். கிழமைதோறும் பயிற்சி செய்ய உதவாது.

டான்ஸ் ஸ்னீக்கருக்கு ஒரு நல்ல குணம் உண்டு: கால் களைக்காது. அடி நடுவில் பிரிந்திருப்பதால் பாதம் தாராளமாக வளையும். முன்பாதத்தின் கீழே சுழல்வதற்கு வழவழப்பான ஓர் இடம் இருக்கும். ஜைவ் என்ற துள்ளல் நடனம் பழகவும், நீண்ட நேரம் நின்று பயிற்சி செய்யவும், வயது போன முழங்காலுக்கும் நல்லது. ஆனால் வோல்ட்ஸைப் பாருங்கள். இயல்பான வலத் திருப்பத்தில் ஆணின் முதல் அடி குதியில் (குதிகாலில்) இறங்கி விரலுக்கு உருள வேண்டும். இரண்டாவது அடி விரலில். மூன்றாவதில் விரலில் இருந்து மெதுவாகக் குதிக்கு இறங்க வேண்டும். தடித்த மெத்தை அடியில் இந்த மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. குதி எந்த நொடியில் தரையைத் தொட்டது என்று காலுக்கு உறைக்காவிட்டால் இந்தப் பாடம் உடம்பில் ஏறாது. பொக்ஸ்ட்ரொட்டில் பெண்ணுக்கு வரும் குதித் திருப்பத்துக்கு ஸ்னீக்கர் இன்னும் பொருந்தாது; அங்கே பாரம் முழுவதும் குதியிலேயே நின்று திரும்ப வேண்டும்.

வெளிநாட்டுச் சப்பாத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். 1929 இல் லண்டனில் தொடங்கிய ஃபிரீட், அதற்குப் பின் வந்த சூப்பாடான்ஸ், இன்டர்நாஷனல், ரே ரோஸ் என்று இந்த வேலையிலேயே ஊறிய பெயர்கள் பல உண்டு. அவர்களுடைய ஆண்களுக்கான சப்பாத்தில் ஹீல் ஏறத்தாழ ஓர் அங்குலம். அடித்தோல் மேல்தோலின் ஓரத்தோடு ஒட்டி வெட்டப்பட்டிருக்கும்; வெளியே ஒரு நூல் அளவும் நீட்டிக்கொண்டிராது. இது அழகுக்காகச் செய்தது இல்லை. வோல்ட்ஸில் ஒவ்வொரு மூன்றாவது அடிக்கும் பாதங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சேர வேண்டும். நீட்டிய ஓரம் இருந்தால் அங்கே தட்டும். போட்டவுடனேயே கால் சுருக்கமாகவும் சுத்தமாகவும் சேர்வது தெரியும். அந்த உணர்வை உள்ளூரில் முழுதாகக் கொண்டுவர முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். கிட்டப் போகலாம்.

விலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நல்ல சோடி 100 ஸ்டேர்லிங் பவுணைத் தாண்டும். தபாலும் சுங்கத் தீர்வையும் தனி. 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனதைப் பார்த்தவர்களுக்கு, வெளிநாட்டுக் காசில் விலை போட்ட பொருளைப் பழுதானதும் மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை எளிதில் வராது.

என்னைப் பொறுத்தவரை விலையைக் காட்டிலும் பெரிய விஷயம் அடித்தோல். மீதி எல்லாவற்றையும் இதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

ஸ்வேட் அடி தேய்வதற்கென்றே இருக்கிற பொருள், சைக்கிளுக்கு டயர் மாதிரி. அதன் மேலே நிற்கும் மெல்லிய இழைகள்தான் பிடிப்பையும் வழுக்கலையும் சேர்த்துத் தருகின்றன. தரைத் தூசும் மெழுகும் ஏறினால் இழைகள் படுத்துப் பளபளக்கும், அப்போது வழுக்கும். துலக்கினால் எழும்பும். துலக்கத் துலக்கத் தோல் மெலியும். ஒரு நாள் மாற்றத்தான் வேண்டும். கொழும்பில் அந்த நாள் சீக்கிரமே வருகிறது. இங்கே நாம் ஆடும் தரை அப்படி. ஹோட்டல் மண்டபத்தில் பலகைத் தரை கிடைக்கும், ஆனால் பயிற்சி நடப்பது சீமெந்துத் தரையிலும் டைல்ஸ் தரையிலும். சொரசொரப்பான சீமெந்து ஸ்வேட்டை அரம் போட்டது போலத் தின்னும்.

அதோடு காற்றில் உள்ள ஈரம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் கடற்கரையை ஒட்டி இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தென்மேல் பருவம் தொடங்கினால் அலுமாரிக்குள் கிடக்கும் தோல் சாமான்களில் பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டிய பசை இளகும். ஸ்னீக்கர்களின் பொலியூரிதேன் அடிக்கு இது இன்னும் மோசம். அந்தப் பிளாஸ்டிக் காற்றிலுள்ள ஈரத்தோடு வினை புரிந்து உள்ளிருந்தே உடையும். போடாமல் பெட்டியில் பத்திரமாக வைத்தாலும் தப்பாது. சில வருடங்களில் அடி தூள் தூளாக உதிரும். அப்படி உதிர்ந்ததைத் திருத்தவும் முடியாது. அதனால் ஸ்னீக்கர் வாங்கினால் அடிக்கடி போட்டுத் தேய்த்துவிடுங்கள், சேமித்து வைக்காதீர்கள்.

ஆக, நான் கேட்ட கேள்வி இதுதான்: அடி தேய்ந்ததும் இந்தச் சப்பாத்தை யார் திருத்துவார்? புறக்கோட்டையில் சப்பாத்துத் தைக்கும் ஒருவரிடம் சப்பாத்தையும் ஒரு துண்டு ஸ்வேட்டையும் கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்டேன்.

“அண்ணே, பழைய அடியை முழுக்கக் கழற்றிப்போட்டு இதை வைக்க ஏலுமா?”

“ஏலும் தம்பி. ஆனா இதோட றோட்டில நடக்கக் கூடாது. மழைத் தண்ணி பட்டா வேலை முடிஞ்சுது.”

தான் தொட்டுப் பார்த்த தோல் என்ன செய்யும் என்று அவருக்கு உடனே விளங்கியது. அங்கேயே என் முடிவும் ஆகிவிட்டது. திருத்த ஆள் பக்கத்தில் இருந்தால் அடி தேயுமே என்று பயப்படாமல் பயிற்சி செய்யலாம். விலை கூடிய சோடியை வைத்திருப்பவர்கள் பலர் அதை நிகழ்ச்சிக்கென்று ஒதுக்கிவிட்டு, பயிற்சிக்கு வேறு எதையோ போட்டு வருகிறார்கள். பழகுவது ஒரு காலணியில், ஆடுவது இன்னொன்றில் என்றால் பாதம் குழம்பும்.

இந்த வழியில் போவதாக இருந்தால் சப்பாத்தைத் தெரிவு செய்வதில் கவனம் வேண்டும். நாடா கட்டும் ஒக்ஸ்போர்ட் வகை நல்லது. அடி மெல்லியதாகவும், ஓரம் வெளியே நீளாததாகவும் இருக்க வேண்டும். பளபளக்கும் பேட்டன்ட் தோல் வேண்டாம். பாதங்கள் உரசும்போது அது ஒன்றோடொன்று ஒட்டும், வியர்வைக் காலத்தில் இன்னும் மோசம். பேட்டன்ட்தான் வேண்டும் என்றால் உள்பக்க ஓரத்தில் கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொள்ள வேண்டும். மெல்லிய காலுறையோடு இறுக்கமாக இருக்க வேண்டும். தோல் எப்படியும் விட்டுக்கொடுக்கும். அடி போடும்போது ரப்பரின் மேலேயே ஸ்வேட்டை ஒட்டச் சொல்லாதீர்கள். பாரம் கூடும், வளையாது. ரப்பரை எடுத்துவிட்டு, மெல்லிய தோல் தட்டு ஒன்று வைத்து, அதன் மேல் சுமார் 2 மில்லிமீற்றர் ஸ்வேட், இழை வெளியே தெரியும்படி. ஹீலின் அடியிலும் அதே தோல். ஒட்டியதோடு விடாமல் தைத்தால் ஈரக் காலத்துக்குத் தாங்கும், ஆனால் நூல் தரையில் உரசாதபடி தோலில் காடி வெட்டி உள்ளே இறக்கச் சொல்லுங்கள். கடைசியாக ஓரத்தை மேல்தோலோடு ஒட்டச் சீவித் தரச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் வழக்கமான சப்பாத்து மாதிரி ஓரம் விட்டுத்தான் தருவார்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. வகுப்புக்குச் செருப்போடு போய் அங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். துலக்குவதற்குப் பித்தளைக் கம்பித் தூரிகை வாங்குங்கள். இரும்புக் கம்பி நம் கடற்காற்றில் துருப்பிடித்துத் தோலில் கறை விடும். பொலித்தீன் பையில் கட்டி வைக்காமல் துணிப் பையில் வைத்து, உள்ளே பத்திரிகைக் கடதாசி திணிக்க வேண்டும். தரை மிகவும் வழுக்கினால் ஆமணக்கெண்ணெய் ஒரு துளி தொட்ட துணியை மிதித்து எடுக்கலாம். தரை பிடிக்கிறது என்று பவுடர் தூவுகிறவர்களைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அது அடுத்து ஆட வரும் சோடி வழுக்கி விழுவதற்கு வழி.

தேய்ந்த அடியைத் தூக்கிப் போடுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆட்டத்தைத் திருத்த அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. குதியின் பின் விளிம்பு தேயாமல் புதிதாகவே இருந்தால் முன்னே போகும் அடிகள் குதியில் இறங்கவில்லை என்று அர்த்தம்; தட்டையாகப் பாதத்தை வைக்கிறீர்கள். பெருவிரலின் கீழே பளபளப்பு இல்லாமல் சின்ன விரல் பக்கம் பளபளத்தால் பாரம் வெளி ஓரத்தில் நிற்கிறது, அதனால்தான் திருப்பத்தில் சமநிலை போகிறது. இரண்டு பாதமும் ஒரே மாதிரித் தேயாவிட்டால் எந்தக் காலை நம்பாமல் ஆடுகிறீர்கள் என்று தெரியும். எனக்கு இப்படித்தான் இடது காலின் இறக்கத்தில் இருந்த பிழை பிடிபட்டது. அதன்பின் துணையில்லாமல், பாட்டில்லாமல், சுவரோரமாக மெதுவாக நடந்து பழகினேன்: குதி, முழுப்பாதம், விரல், மெல்ல இறக்கம். வோல்ட்ஸ் இசையில் நிமிடத்துக்கு 90 தாள அடிப்புக்குள்தான் வரும், குயிக்ஸ்டெப்பில் 200. மெதுவில் சுத்தமாக வராதது வேகத்தில் வரவே வராது.

பெண்களுக்கு இதே யோசனையை நான் சொல்ல மாட்டேன். இரண்டு, இரண்டரை அங்குல ஹீலில் பின்னோக்கி நடக்க வேண்டியவர்கள் அவர்கள். நடனச் சப்பாத்தில் ஹீல் குதியெலும்புக்கு நேர் கீழே அமர்ந்திருக்கும், பாதவளைவின் கீழே உருக்குத் தகடு இருக்கும். கடை ஹீல்சில் இந்த இரண்டும் அப்படி அமையாது. என் மனைவி லண்டனிலிருந்து வந்த சட்டின் துணியில் செய்த, முன்பக்கம் மூடிய கோர்ட் சப்பாத்தில்தான் ஆடுகிறார்; அடி தேய்ந்தால் போவது அதே புறக்கோட்டை அண்ணனிடம். ஹீல் நுனிக்குப் பிளாஸ்டிக் மூடிகளைக் கூடுதலாக வரவழைத்து வைத்திருக்கிறார், அவை அடிக்கடி பிளந்துபோகும்.

ஆண்களின் லத்தீன் சப்பாத்திலும் அப்படியே. அதன் ஹீல் ஒன்றரை அங்குலம். சாதாரணச் சப்பாத்துக்கு ஹீலை உயர்த்தினால் அடியின் வளைவு மாறிவிடும், முன்பாதம் சரியாகத் தரையில் அமராது. ரும்பாவிலும் சா சா சாவிலும் பாரம் முன்பாதத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. நண்பர் ஒருவரின் லத்தீன் சப்பாத்தைக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்த அளவில் வித்தியாசம் பெரியது என்று மட்டும் சொல்வேன். எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை அதை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்துதான் எடுப்பது என்று முடிவு செய்தால், அளவு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். செருப்பிலேயே வளர்ந்த நம் கால்களின் முன்பாதம் அகலமானது. பிரித்தானியத் தயாரிப்பாளர்கள் நீளத்தோடு அகலத்துக்கும் தனித்தனி அளவு வைத்திருக்கிறார்கள். மாமாவுக்கோ அக்காவுக்கோ நம்பரை மட்டும் அனுப்பாமல், பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, பாரத்தை ஊன்றி நின்றபடி, இரண்டு பாதத்தையும் கடதாசியில் வரைந்து அனுப்புங்கள். பெரிய காலின் அளவையே கேட்க வேண்டும்.