கழக்கூட்டத்து வார இறுதி வகுப்பும் சி.கே.ஏ. தேர்வும்: எந்தக் காசு வீண், எந்தக் காசு பயன்

குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை என்று தமிழக-கேரள எல்லையின் இரு பக்கமும் வீட்டை வைத்துக்கொண்டு, காலையில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் எங்கள் பகுதியில் ஏராளம். அவர்களில் கணிசமானவர்கள், 1990-இல் தொடங்கப்பட்ட கழக்கூட்டம் டெக்னோபார்க் என்ற மென்பொருள் பூங்காவின் ஏதேனும் ஒரு கட்டடத்துக்குள் காலையில் நுழைந்து இருட்டிய பிறகு வெளியே வருகிறவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆறு ஆண்டுகளாக லினக்ஸ் சர்வர்களைப் பராமரித்து வந்த எனக்கு, அலுவலகத்தில் எல்லாமே கண்டெய்னர்களுக்கு (ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனியாக அடைத்து ஓடவிடும் முறை) மாறத் தொடங்கியதும், அந்தக் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருளுக்கான சி.கே.ஏ. எனப்படும் நிர்வாகிச் சான்றிதழைப் பெற்றாக வேண்டிய நிலை வந்தது. 2024 நவம்பர் தள்ளுபடியில் தேர்வுக்குப் பணம் கட்டினேன். 2025 மார்ச்சில் கழக்கூட்டத்துக்கு அருகே ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். 12 வார இறுதிகள், கட்டணம் 26,000 ரூபாய். நிலையத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே எதைக் கற்றேன், எதை அங்கே கற்க முடியவில்லை, அந்தக் குறையை எப்படி ஈடுகட்டினேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கண்டெய்னர் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று ஊரில் சொன்னதால் ஏற்பட்ட குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூலையில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் தாய்க்கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து, எங்கள் பக்கத்தில் கண்டெய்னர் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒன்றுதான். "மக்களே, விழிஞ்ஞத்துல ஜோலி கிட்டிச்சா?" என்று தேநீர்க் கடைப் பெரியவர் மூன்று மாதம் விடாமல் கேட்டார். குபெர்னெட்டிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள் என்பதால், அவரை மறுத்துப் பேசவும் எனக்கு மனம் வரவில்லை.

தேர்வைப் பற்றிய அடிப்படை விவரங்களை முதலில் சொன்னால்தான் வகுப்பின் குறை விளங்கும். கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனும் லினக்ஸ் ஃபவுண்டேஷனும் சேர்ந்து 2017 முதல் நடத்தும் தேர்வு இது. இரண்டு மணி நேரம். 15 முதல் 20 வரை வேலைகள். தேர்ச்சிக்கு 66 மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டர்களை, அதாவது குபெர்னெட்டிஸின் கீழ் சேர்ந்து இயங்கும் கணினித் தொகுதிகளை, உங்களிடம் கொடுத்து, இதை நிறுவு, அதைச் சரிசெய், இன்னதை இன்ன பெயரில் உருவாக்கு என்று சொல்லிவிடுவார்கள். குபெர்னெட்டிஸின் அதிகாரப்பூர்வ ஆவணங்களைத் தேர்வின்போதே திறந்து படிக்கலாம் என்பதால், மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பில்லை. மதிப்பெண்களில் 30 விழுக்காடு பழுது பார்ப்பதற்கு, 25 விழுக்காடு கிளஸ்டரை நிறுவிக் கட்டமைப்பதற்கு, 20 விழுக்காடு சர்வீஸ்களுக்கும் நெட்வொர்க்குக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். மீதி 25 விழுக்காட்டை வொர்க்லோடுகளும் (கிளஸ்டரில் ஓடும் செயலிகள்) ஸ்டோரேஜும் (சேமிப்பு) பகிர்ந்துகொள்கின்றன. இப்போதைய கட்டணம் 445 அமெரிக்க டாலர். பணம் கட்டிய நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் எழுதிவிட வேண்டும். தவறினால் ஒருமுறை இலவசமாக மீண்டும் எழுதலாம். முன்பு மூன்று ஆண்டுகள் செல்லுபடியான சான்றிதழ், 2024 ஏப்ரல் முதல் இரண்டு ஆண்டுகளாகக் குறைந்துவிட்டது.

வகுப்பின் முதல் இரண்டு வாரங்கள் உண்மையிலேயே அருமையாக இருந்தன. பயிற்றுநர் கொல்லத்துக்காரர், பாடம் மலையாளத்தில் நடந்தது. விளவங்கோட்டுத் தமிழ் பேசும் எங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குபெர்னெட்டிஸின் கட்டளைக் கருவியான kubectl-ஐ அவர் 'கியூப் கட்டில்' என்றே உச்சரித்தார். கட்டில் என்றால் இரண்டு மொழியிலும் படுக்கிற கட்டில்தான் என்பதால், பின்வரிசையில் முதல் நாள் சிரிப்பு அடங்கவே இல்லை. ஆனால் மனிதர் விஷயம் தெரிந்தவர். கண்டெய்னர் என்றால் என்ன என்பதை விளக்க, கண்டெய்னர்களை உருவாக்கும் பிரபலமான கருவியான டாக்கரை அவர் தொடவே இல்லை. வெறும் லினக்ஸ் டெர்மினலில் 'அன்ஷேர்' கட்டளையைக் கொடுத்து, அதற்குள் ஒரு ஷெல்லைத் திறந்து, ஓடும் புராசஸ்களைப் பட்டியலிடச் சொன்னார். நூற்றுக்கணக்கான வரிகள் வரவேண்டிய இடத்தில் இரண்டே வரிகள் வந்தன; எங்கள் ஷெல்லின் எண் 1 என்றிருந்தது. வெளியே வேறொரு டெர்மினலில் அதே ஷெல்லுக்கு ஐந்து இலக்க எண். ஒரு புராசஸுக்குத் தனி உலகத்தைக் காட்டும் நேம்ஸ்பேஸ் என்றால் என்ன என்று அந்தக் கணத்தில் விளங்கியதைப் போல எந்தப் படவிளக்கத்திலும் எனக்கு விளங்கியதில்லை. நினைவகத்துக்கு உச்சவரம்பு வைக்கும் சி-குரூப் என்பது கூகுள் பொறியாளர்கள் உருவாக்கி 2008-இல் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில் சேர்ந்தது, டாக்கர் வெளிவந்தது 2013-இல்தான் என்ற வரலாற்றையும் சேர்த்துச் சொன்னபோது, கண்டெய்னரும் டாக்கரும் ஒன்றே என்று நான் பல ஆண்டுகளாகக் கொண்டிருந்த எண்ணம் போயிற்று.

மூன்றாம் வாரம் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதன்பின் வந்தவர் ஸ்லைடுகளைத் திரையில் காட்டி வாசித்தார். அந்த ஸ்லைடுகள் எந்தக் காலத்தவை என்பதற்கு ஒரு சான்று போதும்: கிளஸ்டரின் ஒவ்வொரு நோடிலும் (அதாவது ஒவ்வொரு கணினியிலும்) டாக்கர்தான் கண்டெய்னர்களை இயக்குகிறது என்று அவற்றில் இருந்தது. குபெர்னெட்டிஸுக்கும் டாக்கருக்கும் இடையே பாலமாக இருந்த டாக்கர்ஷிம்மை நீக்கப் போவதாக 2020 டிசம்பரிலேயே அறிவித்து, 2022-இல் 1.24 பதிப்பில் நீக்கியும் விட்டார்கள். இப்போது பெரும்பாலும் கண்டெய்னர்-டி என்ற மென்பொருள்தான் நோடுகளில் கண்டெய்னர்களை இயக்குகிறது. டாக்கரில் உருவாக்கிய இமேஜ்கள் (கண்டெய்னருக்கான அச்சுகள்) பொதுத் தரநிலையைப் பின்பற்றுவதால் வழக்கம்போல் ஓடுகின்றன. நான் எழுந்து இதைச் சொன்னபோது, "அதொக்கெ எக்ஸாமினு வரில்லா" (அதெல்லாம் பரீட்சையில் வராது) என்று பதில் வந்தது. பழுது பார்ப்பதற்கே 30 விழுக்காடு மதிப்பெண் உள்ள தேர்வில், நோடுக்குள் நுழைந்து எந்தச் சேவையின் பதிவுகளைப் பார்ப்பது என்று தெரியாமல் எப்படித் தேறுவது?

இன்னும் பெரிய கூத்து மே மாதத்தில் நடந்தது. 'நிச்சயத் தேர்ச்சி வினாத்தொகுப்பு' என்று ஸ்பைரல் பைண்டிங் செய்த புத்தகம் ஒன்றைத் தனியே 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். திறந்தால் முழுவதும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்! டாக்கர் நிறுவனம் 2017-இல் தொடங்கி, பின்னர் மிரான்டிஸ் வசம் போன டாக்கர் அசோசியேட் தேர்வுக்கானவை அவை. தேர்வின் வடிவம்கூடத் தெரியாதவர்களிடமா பணம் கட்டினோம் என்று அன்று ரயிலில் வரும்போது நினைத்துக்கொண்டேன். 2025 பிப்ரவரி 18 முதல் பாடத்திட்டம் மாறி, செயலிகளை நிறுவ உதவும் ஹெல்ம், அமைப்புக் கோப்புகளை மாற்றியமைக்கும் கஸ்டமைஸ், வெளியிலிருந்து வரும் போக்குவரத்தை வழிநடத்தும் கேட்வே ஏ.பி.ஐ. ஆகியவை சேர்ந்திருந்தன, 12 வாரங்களில் இவற்றின் பெயர்கூட வகுப்பில் ஒலிக்கவில்லை.

ஆகவே என் உண்மையான தயாரிப்பு வீட்டு மாடியறையில்தான் நடந்தது. பழைய மேசைக் கணினியின் நினைவகத்தை 16 ஜி.பி. ஆக்கி, அதில் மூன்று வர்ச்சுவல் மெஷின்களை ஏற்றினேன். கிளஸ்டரை நிறுவும் கருவியான கியூப்-அட்மினுக்கு ஒவ்வொன்றிலும் குறைந்தது 2 ஜி.பி. நினைவகம் வேண்டும், கட்டுப்பாட்டு நோடுக்கு இரண்டு சி.பி.யு. வேண்டும், ஸ்வாப்பை (நினைவகம் போதாதபோது வட்டைப் பயன்படுத்தும் வசதி) அணைத்துவிடுவது தொல்லையில்லாதது. முதல் முறை நிறுவியபோது எல்லா நோடுகளும் 'நாட் ரெடி' என்றே நின்றன. நெட்வொர்க் பிளக்-இன் நிறுவாதவரை அப்படித்தான் நிற்கும் என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. அப்படிப்பட்ட பிளக்-இன்களில் ஒன்றான காலிகோவை நிறுவியதும் ஒரு நிமிடத்தில் 'ரெடி' ஆயின. அடுத்த வாரம், பாட்கள் (கண்டெய்னர்களை உள்ளடக்கிய அலகுகள்) எழுவதும் விழுவதுமாக இருந்தன. கண்டெய்னர்-டியின் அமைப்புக் கோப்பில் சிஸ்டம்-டி சி-குரூப் என்ற ஒரு வரி 'ஃபால்ஸ்' என்று இருந்ததுதான் காரணம். இந்த இரண்டு பழுதுகளும் எனக்குக் கற்றுத் தந்த அளவுக்கு அந்த வகுப்பின் கடைசிப் பத்து வாரங்களும் கற்றுத் தரவில்லை.

அதன்பின் நானே வேண்டுமென்று கிளஸ்டரைக் கெடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். கட்டுப்பாட்டு நோடில் மேனிஃபெஸ்ட் கோப்புகள் இருக்கும் அடைவுக்குள் போய், கட்டளைகளை வாங்கும் ஏ.பி.ஐ. சர்வரின் யாமில் எனும் அமைப்புக் கோப்பில், கிளஸ்டரின் தரவுகளைச் சேமிக்கும் எட்சிடியின் போர்ட் எண் 2379 என்பதை 2378 ஆக்கிவிட்டு, மறுநாள் காலையில் எழுந்து ஒன்றும் தெரியாதவன்போல் பழுதைத் தேடுவேன். ஏ.பி.ஐ. சர்வரே விழுந்த பிறகு கட்டில் கட்டளை எதுவும் பதில் சொல்லாது. நோடில் கண்டெய்னர்களைக் கவனித்துக்கொள்ளும் கியூப்லெட்டின் பதிவுகளையும், கண்டெய்னர்-டியின் கீழே செத்துக் கிடக்கும் கண்டெய்னரின் பதிவுகளையும் நேரடியாகப் பார்த்துத்தான் வழி காண வேண்டும். தேர்வில் வரும் பழுதுகள் ஏறக்குறைய இந்த ரகத்தவைதான். கணினி வாங்க வசதியில்லாதவர்களுக்கு, உலாவியிலேயே திறக்கும் கில்லர்கோடா என்ற இலவச லேப் போதுமான மாற்று.

தேர்வுக் கட்டணத்தோடு சேர்ந்தே வரும் கில்லர் ஷெல் மாதிரித் தேர்வைத் தயங்காமல் பாராட்டுவேன். இரண்டு முறை திறக்கலாம். ஒவ்வொன்றும் திறந்ததிலிருந்து 36 மணி நேரம் உயிரோடு இருக்கும். உண்மைத் தேர்வைவிடக் கடினமாகவே வைத்திருக்கிறார்கள். நான் முதலில் இரண்டு மணி நேரத்தில் பாதிகூட முடிக்கவில்லை. ஆனால் மீதமுள்ள 34 மணி நேரத்தில் ஒவ்வொரு விடையையும் விளக்கத்தோடு செய்து பார்த்தது, வகுப்புக் கட்டணத்தைக் காட்டிலும் மதிப்புள்ள பயிற்சி. சனிக்கிழமை காலையில் திறப்பது நல்லது. என்னைப்போல் வேலை நாளின் இரவில் திறந்து நேரத்தை வீணாக்கக் கூடாது.

ஜூன் மாதம் இடவப்பாதி மழையில் முதல் தேர்வை வீட்டிலேயே எழுதினேன். நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தேர்வுக் கணக்கில் உள்ள பெயர் அடையாள அட்டையில் உள்ள பெயரோடு சரியாகப் பொருந்த வேண்டும். நமக்கு ஓர் ஆவணத்தில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. எனவே பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து முன்கூட்டியே திருத்திவிடுங்கள். சுவரில் காகிதம் எதுவும் தொங்கக் கூடாது என்பது விதி என்பதால், தினசரி நாள்காட்டியை அம்மா கழற்றி எடுத்துப் போனார். கேமராவில் மேசையடியைக் காட்டி, கதவைச் சாத்தி, இன்வெர்ட்டரை நம்பி உட்கார்ந்தேன்.

அந்த முதல் தேர்வில் தோற்றேன். தோற்றதற்குக் காரணம் என் கைதான். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனி மெஷினுக்குள் எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையும் முறை) வழியே போக வேண்டும். முடிந்ததும் வெளியே வந்து அடுத்ததற்குப் போக வேண்டும். நான் பதற்றத்தில் வெளியே வராமலேயே, முந்தைய கேள்வியின் மெஷினிலேயே அடுத்த இரண்டு கேள்விகளையும் செய்து முடித்திருந்தேன். கட்டளைகள் எல்லாம் பிழையின்றி ஓடின, இடம்தான் தவறு. 24 மணி நேரத்தில் வந்த மின்னஞ்சலில் 61 என்று இருந்தது. ஆகஸ்டில் மீண்டும் எழுதியபோது, ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் டெர்மினல் வரியில் உள்ள மெஷினின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டே தொடங்கினேன். யாமில் கோப்பை முதலிலிருந்து அடிக்காமல் 'ட்ரை ரன்' (உண்மையில் செய்யாமல் ஒத்திகை பார்க்கும் வசதி) கொடுத்து உருவாக்கி, அதைத் திருத்திக்கொண்டேன். அதிக மதிப்பெண் உள்ள பழுதுக் கேள்விகளை முதலில் முடித்தேன். இம்முறை 84.

இப்போது கணக்குப் பார்த்தால், தேர்வுக் கட்டணம் பயன். இலவசமாகக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பையும் மாதிரித் தேர்வையும் சேர்த்தால் நியாயமான விலைதான். நினைவகத்துக்குச் செலவிட்ட பணமும் பயன். வகுப்பில் முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும் தனியே கட்டணம் வாங்கினால் மறுபடியும் போய் உட்காருவேன்; மீதிப் பத்து வாரங்களும் வினாத்தொகுப்பும் வீண். நிலையத்தில் சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்தப் பதிப்பில் பாடம் நடக்கிறது, கேட்வே ஏ.பி.ஐ. உண்டா, ஒவ்வொருவருக்கும் உடைத்துப் பார்க்கத் தனி கிளஸ்டர் தருகிறீர்களா? பதில் சொல்ல வேண்டியவர் பயிற்றுநர். வரவேற்பில் இருப்பவர் அல்ல.

சென்ற மாதம் நிலையத்திலிருந்து அழைத்து, வாசலில் வைக்கப் போகும் ஃபிளெக்ஸில் போடுவதற்கு என் புகைப்படம் வேண்டும் என்று கேட்டார்கள். டாக்கர்ஷிம் ஸ்லைடை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். சாரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் அழைக்கவில்லை.