நாலு வெள்ளிப் படகும் வாடகைச் சைக்கிளும்: புலாவ் உபின் எப்படி?

சிங்கப்பூருக்குள்ளேயே ஊர் சுற்ற வேண்டும் என்று பட்டியல் போடுகிறவர்கள் முதல் வரியில் எழுத வேண்டிய பெயர் புலாவ் உபின். கடப்பிதழ் வேண்டாம், முன்பதிவு வேண்டாம், நுழைவுக் கட்டணம் வேண்டாம். இருந்தும் போய்வந்தவர்களைக் கேட்டால் ஒருவர் "அடுத்த வாரமே மறுபடி போகணும்" என்பார், இன்னொருவர் "வெயிலும் முட்டி வலியும்தான் மிச்சம்" என்பார். இருவரும் போனது ஒரே தீவுக்குத்தான். வீட்டை விட்டுக் கிளம்பிய நேரமும் வாடகைக்கு எடுத்த சைக்கிளும்தான் வேறு. அதனால் இந்த மதிப்பீட்டில் இயற்கை அழகைப் பற்றிய பேச்சு குறைவு, படகையும் சைக்கிளையும் பற்றிய பேச்சு அதிகம்.

முதலில் படகு. சாங்கி வில்லேஜ் பேருந்து முனையத்துக்கு 2, 29, 59, 109 ஆகிய பேருந்துகள் போகின்றன. தானா மேரா எம்ஆர்டியிலிருந்து 2, தெம்பனீஸிலிருந்து 29 வசதி. இறங்கி உணவங்காடி நிலையத்தைத் தாண்டினால் சாங்கி பாயிண்ட் படகு முனையம். அதே முனையத்திலிருந்து ஜொகூரின் பெங்கேராங்குக்கும் படகு போகிறது, அதற்குக் கடப்பிதழ் வேண்டும். எனவே உபின் என்று எழுதியிருக்கும் பக்கம்தான் நிற்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் ஒரு வழிக்கு ஆளுக்கு 4 வெள்ளி. சொந்தச் சைக்கிள் கொண்டுபோனால் அதற்கு 2 வெள்ளி கூடுதல். கால அட்டவணை எதுவும் கிடையாது, 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். அவசரம் என்றால் 48 வெள்ளியை மொத்தமாகக் கொடுத்து உடனே கிளப்பலாம். வாரநாள் காலையில் இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் உதவும். ஒன்பது பேர் காத்திருக்கிறீர்கள், பத்தாவது ஆளைக் காணோம் என்றால் மிச்சம் 12 வெள்ளியை ஒன்பது பேரும் பகிர்ந்துகொள்ளலாம். ஆளுக்கு ஒன்றரை வெள்ளிக்கும் குறைவாகத்தான் வரும். பக்கத்தில் நிற்பவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சனி ஞாயிறில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஐந்து பத்து நிமிடத்தில் படகு நிறைந்துவிடும்.

பயணம் பத்து முதல் பதினைந்து நிமிடம். சில்லறையாகக் காசு வைத்துக்கொள்ளுங்கள், 50 வெள்ளித் தாளை நீட்டினால் படகுக்காரருக்குத் தொல்லை. டீசல் புகை ஆகாதவர்கள் முன்பக்கம் உட்காருவது நல்லது. வயதானவர்களை ஏற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். படகு அலையோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது மேலே வந்து துறையோடு சமமாகும் நொடியில் காலை வைக்க வேண்டும், கீழே போகும்போது வைத்தால் தடுமாறும். படகுக்காரர் கை கொடுப்பார், பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இவ்வளவு எளிமையாக, இவ்வளவு நேர்மையான கணக்கோடு நடக்கும் ஒரு போக்குவரத்துச் சேவை இன்றைய சிங்கப்பூரில் இருப்பதே பெரிய விஷயம். படகுக்கு முழு மதிப்பெண்.

சைக்கிள் கடைகளுக்கு அப்படிக் கொடுக்க முடியவில்லை. துறையை விட்டு ஊருக்குள் நுழைந்ததும் இருபக்கமும் வரிசையாகச் சைக்கிள்கள் நிற்கும். நாள் வாடகை வண்டியைப் பொறுத்து எட்டு வெள்ளி வாக்கில் தொடங்கி இருபதைத் தாண்டியும் போகும். மலிவாகக் கிடைக்கும் வண்டிகளில் பழையவை அதிகம். கடற்காற்றில் உப்பு, மழையில் சகதி, சரளையில் ஓட்டம், நாளுக்கு ஒரு புது ஆள் என்று அந்த வண்டிகள் படும் பாடு கொஞ்சமில்லை. கடைக்காரர் நல்லவரா கெட்டவரா என்பதைவிட, உங்கள் கையில் இருக்கும் வண்டி எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள்.

பிரேக்தான் முதலில். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னே தள்ளுங்கள். பின்சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். பிரேக் பிடி கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போகிறது என்றால் கம்பி தளர்ந்திருக்கிறது, அந்த வண்டி வேண்டாம். பிடியை விட்டதும் அது பட்டென்று திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். மெதுவாக வந்தால் உறைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கிறது. சமதரையில் இது தெரியாது, இறக்கத்தில் ஒரு முறை பிடித்து விட்டதும் பிரேக் ஒட்டிக்கொண்டே நிற்கும். பிறகு குனிந்து பிரேக் ரப்பரைப் பாருங்கள். புது ரப்பரில் குறுக்கே பள்ளங்கள் இருக்கும், தேய்ந்ததில் வழவழவென்று ஒரே சமமாக இருக்கும். அது விளிம்பில் பொருந்தாமல் டயரின் மேல் உரசினால் டயரையே கிழித்துவிடும்.

அடுத்தது கியர். வலது பக்கமாக விழுந்து எழுந்த வண்டிகளில் பின் கியரைத் தாங்கும் உலோகத் துண்டு உள்நோக்கி வளைந்திருக்கும். கடை வாசலில் நேராக ஓடும், ஏற்றத்தில் மிக லேசான கியருக்கு மாற்றும்போது செயின் சக்கரக் கம்பிகளுக்குள் விழுந்து சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஒருவர் சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கட்டும், இன்னொருவர் பெடலைச் சுற்றிக்கொண்டே எல்லாக் கியரையும் மாற்றிப் பார்க்கட்டும். பின்பக்கம் இருக்கும் மிகப் பெரிய பல்சக்கரத்துக்குப் போகும்போது கடகடவென்று கம்பியில் உரசும் சத்தம் வந்தால் வேறு வண்டி கேளுங்கள்.

சீட் உயரத்தை நம்மவர்கள் பெரும்பாலும் தாழ்வாகவே வைக்கிறார்கள், இரண்டு காலும் தரையில் படிய வேண்டும் என்ற பயத்தில். அந்த முட்டி வலிக்கு இதுதான் காரணம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி இலேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரி. ஓட்டிப் பழக்கமே இல்லாதவர்கள் ஓரிரு அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல்போல இருந்தால் சரளையில் வழுக்கும், விரல் உள்ளே போனால் கல் இடித்து டியூப் வெட்டுப்படும்.

புடவை, வேட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் துப்பட்டாவையும் நீளக் குர்தாவையும் சொல்லியே ஆக வேண்டும். செயின் வலது பக்கம் ஓடுகிறது, காற்றில் துணி பறந்து பின்சக்கரத்திலும் சிக்கும். துப்பட்டாவைப் பையில் வைத்துவிடுங்கள், வலது காலில் பேன்ட்டின் கீழ்ப்பகுதியை ரப்பர் வளையத்தால் கட்டிக்கொள்ளுங்கள். தலைக்கவசம் கேட்டு வாங்குங்கள். கிளம்பும் முன் கடையின் தொலைபேசி எண்ணையும் மூடும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் காற்று போனால் என்ன ஏற்பாடு என்று அப்போதே கேட்டு வைப்பது நல்லது.

சாலை முதலில் தார், போகப்போகச் சரளை. தீவின் ஈரநிலப் பகுதியான செக் ஜாவாவுக்கு ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டரைத் தாண்டும், நடந்தால் முக்கால் மணி நேரம். இந்தப் பாதையில் செங்குத்தான இறக்கங்களில் இறங்கித் தள்ளிச் செல்லச் சொல்லும் பலகைகள் உண்டு. சும்மா வைத்த பலகைகள் இல்லை. சரளையில் முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் முன்சக்கரம் பக்கவாட்டில் நழுவும், ஓட்டுபவர் உள்ளங்கையும் முழங்கையும் சிராய்க்க விழுவார். வேகத்தை இறக்கம் தொடங்கும் முன்பே குறைக்க வேண்டும், வளைவில் வைத்துக் குறைக்கக் கூடாது. இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டு மெல்லப் பிடிக்க வேண்டும். இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அனுபவசாலிகளும் தள்ளுகிறார்கள். பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் ஊரிலேயே வேன் கிடைக்கும். ஏறும் முன் வாடகையையும் திரும்ப அழைத்துவரும் நேரத்தையும் பேசி முடித்துவிடுங்கள்.

செக் ஜாவா காலை 8.30 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகிறது. சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். இங்கே குரங்குகள் உண்டு, கூடையில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டுப் போனால் திரும்பும்போது பை இருக்காது. உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சரசரப்புச் சத்தமே போதும், வந்துவிடும். காட்டுப்பன்றியும் எட்டிப் பார்க்கும். எதற்கும் தீனி போடாதீர்கள்.

நூறு ஹெக்டர் அளவுள்ள இந்த ஈரநிலத்தில் மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் படுகை, பவளச் சிதறல், சதுப்புநிலக் காடு, கரையோரக் காடு ஆகிய ஆறும் ஒரே இடத்தில் சேர்கின்றன. நிலமீட்புக்காக மண்ணுக்கடியில் போயிருக்க வேண்டிய இடம் இது. பொதுமக்களும் ஆர்வலர்களும் எடுத்துச் சொன்ன பிறகு 2001 டிசம்பரில் அரசு அந்தத் திட்டத்தை ஒத்திவைத்தது. பலகை நடைபாதை ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், பாதி கடலோரம், பாதி சதுப்புநிலம். சில பகுதிகள் பராமரிப்புக்காக மூடப்படுவதுண்டு, முந்தைய நாள் தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

ஏமாற்றம் நேர்வது அலை விஷயத்தில்தான். கடல் ஏறியிருக்கும்போது போனால் கடலோரப் பாதையில் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாது. அலை அட்டவணையில் அன்றைய தாழ்நிலை 0.5 மீட்டர் அல்லது அதற்கும் கீழே காட்டும் நாளைத் தேர்ந்தெடுங்கள். தாழ்நிலை நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நடைபாதையில் இருங்கள். அலை நேரம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் அளவில் தள்ளிப்போகும் என்பதால் போன வாரத்துக் கணக்கு இந்த வாரத்துக்கு உதவாது. சரியான நேரத்தில் நின்றால், சேற்றில் சுண்டுவிரல் நகம் அளவே உள்ள நண்டு தன் உடம்பைவிடப் பெரிதாகத் தெரியும் ஒற்றைக் கொடுக்கை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருப்பது தெரியும். உங்கள் நிழல் விழுந்ததும் வளைக்குள் மறையும். அசையாமல் இரண்டு நிமிடம் நின்றால் மறுபடி வரும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த இரண்டு நிமிடத்தைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். சேற்றில் தாவும் மீன்களையும், பென்சில் நட்டதுபோல் நிற்கும் மூச்சு வேர்களையும் சதுப்புநிலப் பகுதியில் பார்க்கலாம். அங்கேயே இருக்கும் ஜெஜாவி பார்வைக் கோபுரம் இருபது மீட்டர் உயரம். மேலே போனால் மர உச்சிகளும் பறவைகளும். இடி முழங்கும்போது மட்டும் ஏறாதீர்கள்.

நேரம் மிச்சமிருந்தால் முன்பு கருங்கல் வெட்டி எடுத்த பெக்கான் கற்குழிப் பக்கம் போய்ப் பாருங்கள், நாரைகள் நிற்கும் அமைதியான நீர்நிலை. பெட்ரா பிராங்கா தீவில் 1851ல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு இந்தத் தீவின் கருங்கல்தான் போனது. மேற்கே இருக்கும் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவுக்கு வாடகை வண்டியோடு போகாதீர்கள். அது பழகியவர்களுக்கான தடம், அதற்கேற்ற வண்டி வேண்டும்.

சாப்பாடு? கடலுணவுக் கடைகளும் கோப்பிக் கடைகளும் உண்டு, சைவத்துக்கு வழி குறைவு. புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ கட்டி, இறுக மூடும் டப்பாவில் போட்டு, முதுகுப்பைக்குள் வையுங்கள். தயிர்ச்சோறு வேண்டாம், அந்த வெக்கையில் பதினொரு மணிக்கே புளித்துவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொசு மருந்து, முன்பக்கம் மூடிய காலணி. ஏடிஎம்மை நம்பிப் போகாதீர்கள், ஆளுக்கு 40 வெள்ளி ரொக்கம் இருந்தால் படகு, சைக்கிள், இளநீர் எல்லாம் அடங்கிவிடும். திரும்பும் 4 வெள்ளியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

போகும் படகு காலை எட்டு மணிக்குள், திரும்பும் படகு மூன்று மணிக்குள் என்று வைத்துக்கொண்டால் உச்சிவெயிலில் ஏற்றம் ஏற வேண்டியிருக்காது. ஞாயிறு மாலை நாலிலிருந்து ஆறு வரை துறையில் நீண்ட வரிசை நிற்கும். மழை இடியோடு வந்தால் அது இன்னும் நீளும்.

பட்டியலில் அடுத்து மெக்ரிட்சியின் மரவுச்சி நடைபாலத்தை வையுங்கள். 250 மீட்டர் தொங்குபாலம், ஒரு திசையில் மட்டுமே நடக்கலாம், போய்வர முழுக் காலைப்பொழுதும் வேண்டும். பொது விடுமுறை இல்லாத திங்கட்கிழமைகளில் பாலம் மூடியிருக்கும். அன்றைக்கு விடுப்பு கிடைத்தவர்கள் சாங்கிக்குப் போகலாம், 12 பேர் சேரும்வரை காத்திருக்கப் பொறுமை இருந்தால்.