மூன்று கோடை, ஒரு ஸ்டெபிலைசர்

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடியில் எட்டு வீடுகள். 2023 மே மாதம் இரவு பத்தரை ஆனால் போதும், ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். அதன் திரையில் வோல்டேஜ் 175, 170 என்று இறங்கும். ஏசி நின்றுவிடும், மின்விசிறி பேருக்குச் சுற்றும்.

முதலில் மாற்றியது ஏசியைத்தான். 22 டிகிரியில் இருந்ததை 26 ஆக்கி, கூடவே குறைந்த மின்சாரத்தில் ஓடும் 28 வாட் பிஎல்டிசி மின்விசிறி. பழையது 75 வாட். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறார்கள். அம்மாவுக்கு மட்டும் ஒரு வாரம் முணுமுணுப்பு. ஆனால் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டுக்குள் நின்றது. அதைத் தாண்டினால் 501ஆவது யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறிவிடும் என்பதால் இது பெரிய விஷயம்.

பில் குறைந்தது, லோ வோல்டேஜ் அப்படியே இருந்தது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டதே, அந்த வாரம் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு முறை ஃபியூஸ் போனது.

அப்புறம்தான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு வயராக மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கட்டடத்துக்கு மின்சாரம் வருவது ஃபேஸ் எனப்படும் மூன்று லைன்களில்; எட்டில் ஐந்து வீட்டு ஏசி ஒரே ஃபேஸில். "மூணு மாடு நிக்குது சார், மூட்டையெல்லாம் ஒண்ணு மேலயே ஏத்தியிருக்கீங்க." முறைப்படி எழுதிக் கொடுத்து இரண்டு வீடுகளை வேறு ஃபேஸுக்கு மாற்றினோம். இதை முதல் வருடமே செய்திருக்கலாம்.

அடுத்தது தண்ணீர் மோட்டார். டேங்கில் நீர் குறைந்தால் தானாக ஓடும் சென்சார். அது சரியாக இரவு ஒன்பதரைக்குத்தான் கண்விழிக்கும். டைமர் போட்டு மதியம் பன்னிரண்டுக்கு மாற்றினோம். வாஷிங் மெஷினும் அப்போதே. பகலில் சோலார் மின்சாரம் தாராளம், பொழுது சாய்ந்தால் தட்டுப்பாடு. இதனால் பைசா மிச்சமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆலைகளுக்குப் பீக் அவர், அதாவது தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, எங்களுக்குப் பகலும் இரவும் ஒரே விலைதான். மாடி வீட்டு அக்கா "நமக்கென்ன லாபம்?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

ஏசிக்கு வாங்கிய ஸ்மார்ட் பிளக் தண்டம். அதில் மின்செலவு வரைபடம் பார்த்ததோடு சரி.

இந்தக் கோடையில் ஸ்டெபிலைசர் 205-க்குக் கீழே போகவில்லை. மாடி வீட்டு அக்கா மட்டும் இன்னும் பத்து மணிக்குத்தான் துணி துவைக்கிறார்.