இனிப்பில்லாத ராஸ்பெர்ரி: கான்டியோனின் ரோஸே டி காம்ப்ரினுஸ்

பிரஸ்ஸல்ஸ் நகரின் ஆன்டர்லெக்ட் பகுதியில் 1900ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கான்டியோன் மதுவடிப்பகம், ராஸ்பெர்ரிப் பழங்களை ஊறவைத்துத் தயாரிக்கும் ரோஸே டி காம்ப்ரினுஸ் என்னும் பீரில் இனிப்பு அறவே இல்லை. பழம் சேர்த்த பீர் என்ற சொல்லைக் கேட்டு, பழரசத்தைப் போன்ற ஒன்றை எதிர்பார்த்து முதல் மடக்கை அருந்துபவர் திகைத்துப்போவார். ஆனால் அந்த இனிப்பின்மையே இந்தப் பீரின் பெருஞ்சிறப்பு என்பது என் உறுதியான கருத்து. இனிப்பு விலகிய இடத்தில்தான் ராஸ்பெர்ரியின் மணமும் புளிப்பும் விதையின் துவர்ப்பும் தனித்தனியாகப் புலப்படுகின்றன.

இதன் அடிப்படை லாம்பிக் எனப்படும் பழைய பெல்ஜிய பீர். மால்ட் செய்த, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியோடு மால்ட் செய்யாத கோதுமையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சேர்கிறது. ஹாப்ஸ் பூக்களைப் புதிதாகப் பயன்படுத்தாமல், கசப்பும் மணமும் மங்கும்வரை ஓரிரு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ வைத்திருந்து சேர்க்கிறார்கள். பீரைக் கெடாமல் காக்கும் ஆற்றல் மட்டும் வேண்டும், கசப்பு வேண்டாம் என்பதே காரணம். கொதித்த தானியச் சாறு கட்டடத்தின் மேல்தளத்தில் உள்ள அகன்ற, ஆழமற்ற செம்புத் தொட்டியில் இரவு முழுவதும் திறந்தபடி ஆறுகிறது. தயாரிப்பாளர் ஈஸ்ட் எதையும் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்களே நொதித்தலைத் தொடங்குகின்றன. வெப்பமான மாதங்களில் வேண்டாத கிருமிகள் பெருகிவிடும் என்பதால், குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில் மட்டுமே இந்த வேலை நடைபெறுகிறது.

பின்னர் பீப்பாயில் நெடுங்காலம் கிடக்கும்போது பீடியோகாக்கஸ் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. தயிருக்குப் புளிப்பைத் தருவதும் இதே அமிலம்தான். பிரஸ்ஸல்ஸின் பெயரையே தாங்கிய பிரெட்டனோமைசிஸ் புருக்செலென்சிஸ் என்னும் ஈஸ்ட், சாதாரண ஈஸ்ட் விட்டுவைக்கும் மாச்சத்தின் மிச்சங்களையும் மெல்ல உண்டுவிடுகிறது. ஏறக்குறைய இரண்டு வயதான இந்த லாம்பிக்கில், லிட்டருக்குச் சுமார் 200 கிராம் என்ற அளவில் முழுப்பழங்களைச் சேர்க்கிறார்கள். பழத்தின் சர்க்கரையும் நொதித்துத் தீர்ந்துவிட, நிறமும் மணமும் சிட்ரிக் அமிலமும் மட்டும் எஞ்சுகின்றன. பாட்டிலில் அடைக்கும் முன் இளம் லாம்பிக்கைக் கலப்பதால், அதில் மீந்திருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மீண்டும் நொதித்துக் குமிழிகளைத் தருகிறது. ஆல்கஹால் அளவு 5 சதவீதம்தான்.

கண்ணாடிக் கோப்பையில் ஊற்றியவுடன் எழும் நுரை வெளிர் இளஞ்சிவப்பாக இருந்து விரைவில் அடங்கிவிடுகிறது. பீரின் நிறம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. அடியில் படிந்த ஈஸ்ட் கலங்காதபடி மெதுவாக ஊற்றினால் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. முகர்ந்தால் முதலில் வருவது புதிய ராஸ்பெர்ரியின் மணம், அதுவும் சதையின் மணம் மட்டுமல்லாமல் விதையும் காம்புமாக நசுங்கிய முழுப்பழத்தின் மணம். சற்றுப் பொறுத்து, கோப்பை வெம்மையடையத் தொடங்கியதும், அதன் கீழிருந்து ஈர மரமும் காய்ந்த வைக்கோலும் பதப்படுத்திய தோலும் சேர்ந்ததொரு வாசனை மேலெழுகிறது. இது பிரெட்டனோமைசிஸின் கைவரிசை. பழகாதவர் முகம் சுளிக்கக்கூடும், எனக்கோ பழத்தின் மணத்திற்கு ஆழம் கொடுப்பதே இதுதான். நாவில் புளிப்பு கூர்மையாகத் தொடங்கி, எலுமிச்சையின் சாயலோடு பக்கவாட்டில் பரவி, தாடையை ஒருகணம் இறுக்குகிறது. அந்தக் கூர்மை தணியும் நேரத்தில்தான் பழம் திரும்பி வருகிறது, சுவையாக அல்லாமல் மூச்சோடு கலந்த மணமாக. இறுதியில் நாவல்பழம் தின்றபின் நிற்பதைப் போன்ற துவர்ப்பு நாவில் தங்கி, அடுத்த மடக்கைக் கேட்கிறது. காடியின் காரநெடி மிக மெலிதாகவே இருக்கிறது. அது மிகுந்திருந்தால் பழம் முழுவதும் அழுந்திப்போயிருக்கும்.

இன்று பல நாடுகளின் சிறு மதுவடிப்பகங்களில் கிடைக்கும் பழப் புளிப்பு பீர்கள் பெரும்பாலும் வேறு வழியில் உருவாகின்றன. கொதிகலனிலேயே லாக்டோபேசிலஸைச் சேர்த்து ஓரிரு நாட்களில் புளிக்கவைத்து, பின் கொதிக்கவிட்டு அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு, பிறகு சாதாரண ஈஸ்ட்டும் பழக்கூழும் சேர்க்கிறார்கள். அவற்றில் தூய்மையும் புத்துணர்ச்சியும் உண்டு. வெயில் நாளில் நானும் விரும்பி அருந்துவேன். எனினும் அவற்றின் புளிப்பு ஒற்றைச் சுரத்தில் நின்றுவிடுகிறது. இனிப்பூட்டப்பட்ட லாம்பிக் வகைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை பழ மிட்டாயை விரும்புவோருக்கு உரியவை.

குறைகளும் உண்டு. வெறும் வயிற்றில் இந்த அமிலம் ஒத்துக்கொள்ளாது. ராஸ்பெர்ரியின் மணம் நிலையற்றது என்பதால், சில ஆண்டுகள் பாதுகாத்தால் பீர் கெடாவிட்டாலும் பழம் பின்வாங்கி, மரமும் புளிப்புமே முன்னிற்கும். பாட்டிலில் அடைத்த தேதியைப் பார்த்து, புதியதாக வாங்கி, விரைவில் அருந்துவது நல்லது. கடுங்குளிரில் வைத்தால் மணம் ஒடுங்கிவிடும். 12 டிகிரி செல்சியஸ் அளவு போதுமானது. பிரஸ்ஸல்ஸ்காரர்கள் லாம்பிக்கோடு உண்ணும் ரொட்டியும், அதன்மேல் தடவிய மென்மையான வெண் பாலாடைக்கட்டியும், நறுக்கிய முள்ளங்கியும் இதற்கும் மிகப் பொருத்தமான துணை. பாலின் கொழுப்பு புளிப்பின் முனையை மழுக்கி, பழத்தை இன்னும் முன்னுக்குக் கொண்டுவருகிறது.

இளம் லாம்பிக்கையும் முதிர்ந்த லாம்பிக்கையும் கலந்து செய்யும் பீருக்குக் கூஸ் என்று பெயர். 1978இல் இந்த மதுவடிப்பகம் கூஸ் அருங்காட்சியகமாகவும் திறக்கப்பட்டதால், செம்புத் தொட்டியையும் பீப்பாய் வரிசைகளையும் நேரில் பார்த்துவிட்டு அங்கேயே சுவைக்கலாம். ராஸ்பெர்ரியின் கூர்மை மிகுதியாகத் தோன்றினால், அதே இடத்தில் கிடைக்கும் புளிப்புச் செர்ரி சேர்த்த கிரீக்கைக் கேட்டு வாங்குங்கள். அதிலும் இனிப்பு இல்லை, ஆனால் செர்ரிக் கொட்டையின் பாதாம் போன்ற மணம் புளிப்பைச் சற்று மென்மையாக்குகிறது.