ஓடிடி சந்தா: வருஷம் முழுக்கக் கட்டுவதா, மாதத்துக்கு ஒன்றாக மாற்றிக் கட்டுவதா?

எங்கள் வீட்டில் ஓடிடிக்குப் போகும் பணத்தை ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். அதன்பிறகு எல்லாவற்றையும் வருஷம் முழுக்க வைத்திருப்பதை விட்டுவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்று என்ற முறைக்கு மாறிவிட்டோம். ஓடிடி விலை ஏறிக்கொண்டே போகும்போது சந்தா இன்னும் கட்டத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கட்டலாம், ஆனால் பன்னிரண்டு மாதமும் வேண்டாம் என்பதுதான்.

முதலில் முழுக் கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் 499 ரூபாய் பிளான், வருஷத்துக்கு 5,988. அமேசான் பிரைம் 1,499. பிரைம் வீடியோவில் 2025 ஜூனிலிருந்து விளம்பரம் வருகிறது, அது வேண்டாமென்றால் வருஷத்துக்கு இன்னொரு 699. ஜியோஹாட்ஸ்டார் பிரீமியம், 2025 பிப்ரவரியில் தொடங்கியபோது வைத்த விலைப்படி 1,499. மூன்றுக்கும் சேர்த்து 9,685 ரூபாய். சன் நெக்ஸ்ட், ஜீ5, சோனி லிவ் எதையும் இன்னும் சேர்க்கவில்லை, பிராட்பேண்ட் பில் தனி.

விலை ஏறிய விதமும் ஒரே மாதிரி இல்லை. பிரைம் 2016இல் இந்தியாவுக்கு வந்தபோது அறிமுக விலை வருஷத்துக்கு 499, அப்புறம் 999, 2021 டிசம்பரில் 1,499. அதே டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் இங்கே விலையைக் குறைத்தது, 499ஆக இருந்த பேசிக் பிளான் 199க்கு இறங்கியது. ஆனால் 2023 ஜூலையில், வேறு வீட்டில் இருப்பவர்களுடன் ஒரே கணக்கைப் பகிர்வதற்குத் தடை வந்தது. அண்ணன் வீடும் நம் வீடும் சேர்ந்து ஒரு கணக்கு என்று இருந்தவர்களுக்கு அது நேரடியாக இரட்டைச் செலவு, பிளானின் விலை ஒரு ரூபாய்கூட ஏறாமலேயே. பிரைமில் வந்த விளம்பரமும் அப்படித்தான். 1,499 அப்படியே நிற்கிறது, முன்பு அதற்குக் கிடைத்ததே இப்போது வேண்டுமானால் 2,198 ஆகிறது. இந்த மாதிரி ஏற்றம்தான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. விலையை நேரடியாக ஏற்றினால் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுத்துவிட்டுப் போகலாம்.

சரி, மாற்றிக் கட்டும் முறைக்கு வருகிறேன். இதில் முடிவைத் தீர்மானிப்பது எதில் நல்ல படம் இருக்கிறது என்பது அல்ல. எதை நிறுத்திவிட்டு நஷ்டமில்லாமல் திரும்பி வரமுடியும் என்பதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பிரைமுக்கு மாதத்துக்கு 299, வருஷத்துக்கு 1,499. ஐந்து மாதம் தனித்தனியாகக் கட்டினால் 1,495 ஆகிவிடும். ஜியோஹாட்ஸ்டார் பிரீமியத்துக்கும் தொடங்கும்போது இதே 299, இதே 1,499 தான். அதாவது இந்த விலைகளில், வருஷத்தில் ஐந்து மாதம் பார்க்கிற வீட்டுக்கு மாதாமாதம் கட்டினாலும் வருஷத்துக்குக் கட்டினாலும் ஒன்று, அதற்கு மேல் பார்த்தால் வருஷச் சந்தாதான் லாபம், நான்கு மாதமோ அதற்குக் குறைவோ என்றால் மாதச் சந்தா. நாம் எத்தனை மாதம் உண்மையிலேயே திறந்து பார்க்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள, அந்த ஆப்பில் பார்த்தவற்றின் பட்டியலைத் திறந்து தேதிகளைப் பாருங்கள். எங்கள் வீட்டில் பிரைமில் படம் பார்த்தது எல்லாமே தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை என்று விடுமுறைகளை ஒட்டியே இருந்தது, நடுவில் நீளமான இடைவெளிகள். பொருள் வாங்குவதற்காக பிரைம் வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு, அவர்களுக்கு டெலிவரிக் கட்டணம் மிச்சமாவதிலேயே பணம் வந்துவிடும்.

நெட்ஃபிளிக்ஸில் இங்கே வருஷ பிளானே கிடையாது. ஒரு மாதம் கட்டுபவருக்கும் பன்னிரண்டு மாதம் கட்டுபவருக்கும் மாத விலை ஒன்றுதான். தொடர்ந்து வைத்திருப்பதற்கு எந்தச் சலுகையும் இல்லையென்றால் தொடர்ந்து வைத்திருக்க என்ன காரணம்? பணம் கட்டிய அன்றே ரத்து செய்துவிடலாம், அந்த மாதம் முடியும்வரை படம் ஓடும். பார்க்க வேண்டிய தொடர்களைச் சேர்த்து வைத்து, ஒரு மாதம் எடுத்துப் பார்த்து முடிப்பது என்பது இதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது.

பிளானிலும் ஒரு விஷயம். பலர் வீட்டில் இருப்பது 32 இஞ்ச் எச்டி ரெடி டிவி, அதன் திரையே பெரும்பாலும் 1366 × 768 புள்ளிகள்தான். 199 ரூபாய் பிளான் தருவது 720பி, அதாவது மேலிருந்து கீழாக 720 வரிசைப் புள்ளிகள். 499 பிளானின் 1080பி அந்த டிவியில் தெரியப்போவதில்லை, ஒரே நேரத்தில் இரண்டு திரையில் பார்க்கலாம் என்பது மட்டும்தான் கூடுதல். 149 மொபைல் பிளானை டிவிக்காக வாங்காதீர்கள், அது போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும். 649 பிளான் 4கே டிவி வைத்திருப்பவர்களுக்கானது. எங்களிடம் அது இல்லை, ஆகவே அந்தத் தெளிவுக்குக் கூடுதல் பணம் தகுமா என்பதை வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் படம் பார்ப்பவர்களுக்கு மாற்றிக் கட்டும் முறை இன்னும் தோதாக இருக்கிறது. தியேட்டருக்கு வந்து நான்கு வாரத்தில் பல தமிழ்ப் படங்கள் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன, ஆனால் எந்தப் படம் எதில் வரும் என்பது உரிமையை யார் வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது. படம் தொடங்கும் முன்பே டிஜிட்டல் பார்ட்னர், சாட்டிலைட் பார்ட்னர் என்று கார்டு போடுவார்கள், அதைக் கவனித்தால் தெரிந்துவிடும். ஒரே நாயகனின் அடுத்தடுத்த இரண்டு படங்கள் இரண்டு இடத்தில் கிடக்கும். ஆகவே ஒன்றை மட்டும் வருஷம் முழுக்க வைத்திருந்தாலும் பாதிப் படம் கைக்கு எட்டாது. கொஞ்சம் பொறுத்தால் ஒரே தளத்தில் நான்கைந்து படம் சேர்ந்துவிடும், அப்போது ஒரு மாதம் கட்டினால் போதும். பொறுக்கவே முடியாத ஒன்றிரண்டு படத்துக்கு வாடகை இருக்கிறது. பிரைம் உறுப்பினராக இல்லாமலேயே அந்த ஆப்பில் வாடகைக்கு வரும் படங்களை எடுக்கலாம், முப்பது நாளுக்குள் தொடங்க வேண்டும், தொடங்கினால் 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும்.

இந்த முறை தோற்றுப்போவது ஒரே இடத்தில்தான், ஆட்டோபே. சந்தா எடுக்கும்போது யுபிஐ ஆட்டோபேக்கோ கார்டுக்கோ ஒப்புதல் கொடுத்துவிடுகிறோம், ரத்து செய்யாவிட்டால் அது தானாகப் போய்க்கொண்டே இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரவேண்டும். வரவும் செய்கிறது, ஆனால் கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்ற எஸ்எம்எஸ் கூட்டத்துக்குள் அது புதைந்துவிடும். அதை நம்பி இருக்காதீர்கள். போனிலிருந்து ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. கூகுள் பிளே வழியாக எடுத்திருந்தால் பிளே ஸ்டோரில் போய்த்தான் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கிறது, அதைத் திறந்தால் யார் யாருக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் வரும். அதில் வேண்டாததை நிறுத்தலாம். சந்தாவை ஆப்பிலும் ரத்து செய்துவிட்டு இங்கேயும் நிறுத்துவதுதான் என் வழக்கம். இந்தச் சின்ன வேலைக்குச் சலிப்பு வரும் என்றால் மாற்றிக் கட்டும் முறை உங்களுக்கு வேண்டாம், மிச்சம் பிடித்த பணம் தெரியாமல் போய்விடும்.

வருஷச் சந்தா சரியாக வரும் இடமும் உண்டு. அம்மா தினமும் விஜய் டிவி தொடர் பார்ப்பவர், கேபிளில் தவறவிட்டால் ஜியோஹாட்ஸ்டாரில்தான் பார்ப்பார். அவருக்கு ஒரு மாதம் நிறுத்தி மறுமாதம் எடு என்பது நடக்காது. அதற்காக விளம்பரத்தோடு வரும் சூப்பர் பிளானை வருஷத்துக்கு வைத்திருக்கிறோம், தொடக்க விலை 899. புதுப்பிக்கும் முன் அன்றைய விலையை ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். சன் டிவி தொடர் பார்க்கும் வீட்டுக்கு சன் நெக்ஸ்ட், ஜீ தமிழ் என்றால் ஜீ5, இதே நியாயம்தான். இந்த 899, நெட்ஃபிளிக்ஸ் 199இல் நான்கு மாதம், பிரைம் இரண்டு மாதம் என்று போட்டால் 2,293 ரூபாய். 9,685 எங்கே, இது எங்கே!

ரீசார்ஜோடும் பிராட்பேண்டோடும் சேர்த்துத் தரும் ஓடிடி பற்றி எனக்கு அனுபவம் குறைவு. பார்த்தவரை, அந்த ரீசார்ஜை எப்படியும் செய்யப்போகிறவர்களுக்கு அது நல்லது. ஓடிடிக்காக விலை கூடிய பிளானுக்குத் தாவுவதாக இருந்தால், உள்ளே இருப்பது மொபைல் பிளானா, டிவியிலும் ஓடுமா என்று முதலில் பாருங்கள். கிரிக்கெட்டிலும் எங்கள் வீட்டு ஆர்வம் கொஞ்சம்தான். 2023இல் ஐபிஎல்லை ஜியோசினிமாவில் இலவசமாகப் பார்த்தவர்களுக்கு இப்போது ஜியோஹாட்ஸ்டாரில் கட்டுவது கசக்கத்தான் செய்யும், ஆனாலும் தொடர் நடப்பது இரண்டு மாதம் அளவுக்குத்தான், அதற்கு மூன்று மாத பிளான் போதும், மார்ச் கடைசியில் எடுத்தால் இறுதிப் போட்டிவரை வரும்.